காது, முகம், கட்டி: எதை முதலில் காப்பது?

கேள்வி: ஐயா, என் கணவருக்கு வயது 47. மின்வாரியத்தில் லைன்மேன். இரண்டு ஆண்டுகளாகவே வலது காதில் ஓயாத இரைச்சல். போன் வந்தால் இடது காதில்தான் வைத்துப் பேசுவார். வயதாகிறது என்று நாங்களும் விட்டுவிட்டோம். ஆடி மாதம் கம்பத்திலிருந்து இறங்கி வந்தவர் நிற்க முடியாமல் தள்ளாடி உட்கார்ந்துவிட்டார். எம்.ஆர்.ஐ. எடுத்ததில் வலது செவிநரம்பில் 2.6 சென்டிமீட்டர் கட்டி, மூளைத்தண்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு மருத்துவர், காதின் பின்எலும்பைக் குடைந்து எடுக்க வேண்டும், அந்தக் காது முழுவதும் போய்விடும் என்கிறார். இன்னொருவர், பின்மண்டையைத் திறந்து எடுத்தால் காதைக் காப்பாற்ற முயற்சி செய்யலாம் என்கிறார். உறவினர் ஒருவர், கத்தியே வேண்டாம், கதிர்வீச்சு போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? வாய் கோணிக்கொள்ளுமா? இது புற்றுநோயா, செல்போனால் வந்ததா? அவர் மறுபடியும் கம்பம் ஏற முடியுமா? மகளுக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருக்கிறோம். அதற்கு முன்பே செய்தாக வேண்டுமா? தாள்களையெல்லாம் இணைத்திருக்கிறேன்.
– திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய தாள்களில் எம்.ஆர்.ஐ. படங்களைவிட எனக்கு அதிகம் உதவியது, ஓரம் மடங்கிக் கசங்கிப்போன அந்த ஆடியோகிராம், அதாவது காது கேட்கும் திறனைச் சோதித்த வரைபடம்தான். அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீலப் பெருக்கல் குறிகள் இடது காது. மேலே, 20 டெசிபலை ஒட்டி நேராகப் போகின்றன. அந்தக் காதில் குறை எதுவும் இல்லை. சிவப்பு வட்டங்கள் வலது காது. இடப்பக்கம் ஓரளவு மேலே தொடங்கி, கீச்சென்ற ஒலிகளுக்குப் போகப் போகக் கீழே சரிகின்றன. சராசரி 65 டெசிபல். இந்த எண் ஏற ஏறக் கேட்பது குறைகிறது என்று பொருள். கடைசியில் பேனாவால் சிறியதாக எழுதியிருப்பதையும் பாருங்கள்: சொல் புரிதல் 28 சதவீதம். அதாவது, போதுமான சத்தத்தில் 25 சொற்களைச் சொல்லிக் காட்டியபோது உங்கள் கணவர் ஏழு சொற்களைத்தான் சரியாகத் திருப்பிச் சொல்லியிருக்கிறார்.

இரண்டு மருத்துவர்களுக்கு இடையிலான வழக்கை முக்கால்வாசி தீர்த்துவைப்பது இந்த 28தான். எப்படி என்று சொல்வதற்கு முன், புற்றுநோய் என்ற பயத்தை முதலில் இறக்கி வைத்துவிடலாம்.

இது புற்றுநோய் அல்ல. உடலின் வேறு இடத்துக்குப் பரவாது. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஒன்றிரண்டு பேருக்கு வருகிற கட்டி. அறிக்கையில் ‘வெஸ்டிபுலர் ஷ்வான்னோமா’ என்று இருப்பதும், மருத்துவர்கள் பேச்சில் ‘அக்கூஸ்டிக் நியூரோமா’ என்று சொல்வதும் ஒன்றுதான். காதிலிருந்து மூளைக்குப் போகும் எட்டாவது நரம்பில் கேட்பதற்கு ஓர் இழை, உடல் சமநிலைக்கு இரண்டு இழைகள் உண்டு. பெரும்பாலும் அந்தச் சமநிலை இழைகளின் உறையில்தான் இது முளைக்கிறது. உறையில் உள்ள செல்களின் வளர்ச்சியை அடக்கி வைக்கும் ஒரு மரபணு, 22ஆவது குரோமோசோமில் இருப்பது, அந்த ஓர் இடத்தில் பழுதாகிவிடுகிறது. ஒரே பக்கத்தில் வருகிற கட்டி பெரும்பாலும் பிள்ளைகளுக்குப் போவதில்லை. இரண்டு காதிலும் வந்தால்தான் குடும்பத்தை விசாரிப்போம். உங்கள் கணவரின் படத்தில் இடது பக்கம் சுத்தமாக இருக்கிறது. செல்போனைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2011இல் செல்போன் கதிர்வீச்சை ‘காரணமாக இருக்கக்கூடும்’ என்ற அளவிலான பட்டியலில்தான் வைத்தது. உறுதியாக நிறுவப்படவில்லை. அந்தக் கவலைக்கு இதற்குமேல் இடம் கொடுக்காதீர்கள்.

இனி, வழிகள்.

கட்டி இருக்கும் இடம் அப்படிப்பட்டது. காதெலும்புக்குள் ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள சிறு எலும்புக் குழாய் இருக்கிறது. அதற்குள் சமநிலை நரம்பு, கேட்கும் நரம்பு, முகத்தை அசைக்கும் நரம்பு மூன்றும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. கட்டி அந்தக் குழாய்க்குள் தொடங்கி, இடம் போதாமல் வெளியே பிதுங்கி, சிறுமூளைக்கும் மூளைத்தண்டுக்கும் இடையில் உள்ள மூலைக்கு வருகிறது. அங்கே போய்ச் சேர மூன்று வாசல்கள் உண்டு: காதுக்கு மேலே, காதுக்கு உள்ளே, காதுக்குப் பின்னே.

மேல்வாசல் உங்கள் கணவருக்குப் பொருந்தாது. கட்டி குழாய்க்குள்ளேயே அடங்கியிருந்து, காதும் நன்றாகக் கேட்கிறவர்களுக்கான வழி அது. பொட்டெலும்பில் ஒரு ஜன்னல் வெட்டி, மூளையை மெல்லத் தூக்கிப் பிடித்து, குழாயின் கூரையைத் திறப்பார்கள். ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டிக்கு அந்த இடுக்கு போதாது.

மிச்சம் இரண்டு. முதல் மருத்துவர் சொன்னது உள்வாசல். காதின் பின்னால் தொட்டால் முண்டாக இருக்கிறதே, அந்த எலும்பை நுண்ணோக்கியின் கீழ் டிரில்லால் குடைந்துகொண்டே உள்ளே போவார்கள். வழியில் இருப்பவை சமநிலைக்கான மூன்று அரைவட்டக் குழாய்கள். அவற்றையும் குடைந்து எடுத்தால்தான் நரம்புக் குழாய் கண்ணுக்குத் தெரியும். உள்காது போய்விடுவதால் கேட்கும் சக்தி மிச்சமின்றிப் போகும். பேச்சுக்கே இடமில்லை. பதிலுக்குக் கிடைப்பது என்ன? சிறுமூளையைத் தள்ளிப் பிடிக்க வேண்டிய தேவை அநேகமாக இல்லை. முகநரம்பைக் கட்டிக்கு முன்னாலேயே, எலும்புக்குள் அது ஒழுங்காக இருக்கும் இடத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். குழாயின் அடிக்கோடியில் முகநரம்பையும் சமநிலை நரம்பையும் பிரிக்கும் மெல்லிய எலும்புத் தடுப்பு ஒன்று இருக்கிறது. எங்கள் தொழிலில் அதற்கு ‘பில்ஸ் பார்’ என்று பெயர். அது கண்ணில் பட்டுவிட்டால், எது முகநரம்பு என்ற ஐயம் அங்கே தீர்ந்துவிடும். எலும்பில் உண்டான பள்ளத்தை அடைக்க வயிற்றிலிருந்து சிறிது கொழுப்பு எடுத்து வைப்பார்கள். காதில் அறுவை செய்தவருக்கு வயிற்றில் எதற்குத் தையல் என்று வீட்டார் பதறுவது வழக்கம். நீங்கள் பதற வேண்டாம்.

இரண்டாமவர் சொன்னது பின்வாசல். காதுக்குப் பின்னால், மூளையின் கழிவு ரத்தத்தைக் கொண்டுபோகும் பெரிய சிரைக்கும் பின்னால், சுமார் மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்கு எலும்பைத் திறப்பார்கள். உள்ளே நுழைந்ததும் முதல் வேலை மூளைத் தண்டுவட நீரை வடிய விடுவது. நீர் வடிந்ததும் சிறுமூளை தானாகத் தளர்ந்து விலகிக் கொடுக்கும். உள்காதைத் தொடாமலே கட்டியைப் பார்க்கலாம் என்பதால் கேட்கும் சக்திக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. பெரிய கட்டிகளுக்கும் ஏற்ற விசாலமான வழி. இதிலும் விலை உண்டு: முகநரம்பு பெரும்பாலும் கட்டிக்கு அந்தப் பக்கம், பார்வைக்கு எட்டாத முன்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். கட்டியின் வயிற்றைக் குடைந்து காலி செய்த பிறகே அதைப் பார்க்க முடியும். பின்மண்டைத் தலைவலி பல மாதங்கள் தொடர்வதும் இந்த வழியில் சற்று அதிகம்.

‘காதைக் காப்பாற்ற முயற்சி செய்யலாம்’ என்ற சொல்லில்தான் நீங்கள் மயங்கியிருக்கிறீர்கள் என்று கடிதத்திலேயே தெரிகிறது. இயல்புதான். ஆனால் எதைக் காப்பாற்றப் போகிறோம்? கேட்கும் அளவு 50 டெசிபலுக்குள் இருக்க வேண்டும், சொல் புரிதல் 50 சதவீதமாவது இருக்க வேண்டும். இதற்குக் கீழே போன காதை ‘பயன்படும் காது’ என்ற கணக்கில் உலகெங்கும் நாங்கள் சேர்ப்பதில்லை. உங்கள் கணவர் இரண்டு அளவுகோலிலும் கீழே இருக்கிறார். அந்தக் காதில் சத்தம் விழுகிறது, சொல் விழுவதில்லை. அதனால்தான் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே போனை மாற்றிக்கொண்டார். அதோடு, இந்த அளவுள்ள கட்டியில் நரம்பு அறுபடாமல் தப்பினாலும் கேட்கும் சக்தி தப்புவது அரிது. உள்காதுக்குப் போகும் ரத்தக்குழாய் மயிரிழை அளவுதான். அது சிறிது நேரம் சுருங்கிக்கொண்டாலே உள்காது செத்துவிடும். முழுதாக நிற்கும் நரம்பின் முனையில் செவிட்டுக் காது. இதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

ஆகவே, உங்கள் கணவர் விஷயத்தில் வழியைத் தீர்மானிக்கக் காதைக் கொண்டுவராதீர்கள். அது போன பாதி, போகப்போகிற பாதி. கேள்வி முகநரம்பைப் பற்றியது.

பின்னே ஏன் இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொன்னார்கள்? உள்வாசல் காது மூக்கு தொண்டை நிபுணர்களின் தாய்வீடு. பின்வாசல் நரம்பியல் அறுவை நிபுணர்களுடையது. அவரவர் பயின்ற வழியில் அவரவர் கை நன்றாக ஓடும். நான் காதுக்காரன் என்பதால் எனக்கும் உள்வாசல் பக்கம் சாய்வு உண்டு. அதையும் கழித்துக்கொண்டே இதைப் படியுங்கள். 2.6 சென்டிமீட்டர் கட்டியை இரண்டு வழியிலும் பத்திரமாக எடுக்கலாம். இரண்டு துறையினரும் ஒரே மேசையில் சேர்ந்து நின்று செய்யும் மருத்துவமனையாக இருந்தால், எந்த வாசல் என்பதை அவர்களிடமே விட்டுவிடலாம்.

முகநரம்பு என்று சொன்னேன். அறுவை மேசையில் நடப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன், அப்போதுதான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு நேர்மையான பதில் சொல்ல முடியும். மயக்க மருந்து கொடுத்ததும், கண்ணைச் சுற்றியும் உதட்டோரத்திலும் மயிர் போன்ற மெல்லிய ஊசிகளைச் செருகி ஒரு கருவியோடு இணைப்பார்கள். அதன்பின் தசைகளை மரக்கச் செய்யும் மருந்து கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் முகம் அசையாது, கருவி ஊமையாகிவிடும். நுண்ணோக்கியின் கீழ் கட்டி மஞ்சள் கலந்த சாம்பல் நிறத்தில் இருக்கும். அல்ட்ராசவுண்டு அதிர்வால் கரைத்து உறிஞ்சும் கருவியை வைத்து முதலில் நடுப்பகுதியைக் காலி செய்வோம். உள்ளே வெறுமையானதும் சுற்றியுள்ள தோலை நரம்பிலிருந்து உள்பக்கமாக மடித்து மடித்துப் பிரிப்போம். கட்டியிலிருந்து நரம்பை இழுப்பதில்லை. நரம்பிலிருந்துதான் கட்டியைப் பிரிக்க வேண்டும். சந்தேகமான இடங்களில் ஒரு சிறு கோலால் மில்லி ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ மின்சாரம் தொட்டுப் பார்ப்போம். அங்கே முகநரம்பு இருந்தால் கருவி தட்டென்று ஒலிக்கும். நாம் எதையும் தொடாமலே கருவி தொடர்ந்து படபடத்தால், எங்கோ நரம்பு இழுபடுகிறது என்று பொருள். கையை எடுத்துவிட்டுக் காத்திருப்போம். இதனால்தான் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் ஆகிறது. வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் நேரத்தை வைத்து எதையும் கணிக்க வேண்டாம்.

சிரமம் எங்கே என்றால், கட்டி வளரும்போது முகநரம்பை வட்டமாக இருக்க விடுவதில்லை. தன் முதுகின்மேல் போட்டுப் பரத்திவிடுகிறது. கட்டியின் மிகப் புடைத்த இடத்தில் அது ஈரமான வெங்காயச் சருகைப் போல, எது நரம்பு எது கட்டியின் தோல் என்று தெரியாதபடி ஒட்டிக் கிடக்கும். அந்த இடத்துக்கு வரும்போதுதான் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது: முழுவதையும் சுரண்டி எடுப்பதா, ஒரு மெல்லிய ஏட்டை நரம்பின்மேல் விட்டுவிடுவதா?

இந்தக் கேள்விக்கு நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. 1913 வாக்கில் ஐரோப்பாவின் பெயர்பெற்ற அறுவை மருத்துவர்களிடம்கூட இந்தக் கட்டிக்கு அறுவை செய்துகொண்டவர்களில் பத்துக்கு ஏழெட்டு பேர் இறந்தார்கள். அமெரிக்காவில் ஹார்வி குஷிங், கட்டியின் உறையை விட்டுவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் சுரண்டி எடுத்து உயிர்களைக் காப்பாற்றினார். ஆனால் மிச்சம் வைத்தது மறுபடி வளர்ந்தது. அவரிடம் பயின்ற வால்டர் டேண்டி, முழுவதையும் எடுத்தே தீர வேண்டும் என்றார், எடுத்தும் காட்டினார். முகம் பெரும்பாலும் போயிற்று. அந்தக் காலத்தில் அதை யாரும் பெரிய குறையாக எண்ணவில்லை. உயிர் பிழைத்ததே போதும் என்று இருந்தார்கள். 1960களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸில் வில்லியம் ஹவுஸ் என்ற காது மருத்துவர் நுண்ணோக்கியையும் டிரில்லையும் இந்த அறுவைக்குள் கொண்டுவந்தார். அவர் முதலில் பல் மருத்துவம் படித்தவர், டிரில் அவர் கைக்குப் புதிதல்ல. 1904இலேயே ரூடால்ஃப் பான்சே என்ற ஜெர்மானிய மருத்துவர் சொல்லிவைத்து, ஏறக்குறைய கைவிடப்பட்டிருந்த உள்வாசலுக்கு உயிர் கொடுத்தவர் அவர்தான். அதன்பிறகே முகத்தையும் காப்பாற்றலாம் என்ற எண்ணம் வந்தது. மேலே சொன்ன ‘பில்ஸ் பார்’ என்பதில் உள்ள பில் (வில்லியம் என்பதன் சுருக்கம்) இவர்தான். இன்று அனுபவமுள்ள மையங்களில் இந்த அறுவையால் உயிரிழப்பவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு.

இப்போது சக்கரம் கொஞ்சம் பின்னால் சுழன்றிருக்கிறது. நரம்பில் கெட்டியாக ஒட்டியிருக்கும் சிறு துண்டை வேண்டுமென்றே விட்டுவிட்டு, ஆண்டுதோறும் ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள். பல துண்டுகள் வளராமல் அப்படியே கிடக்கின்றன. வளர்ந்தால் அந்தச் சிறு துண்டுக்குக் கதிர்வீச்சு கொடுக்கலாம். ‘கட்டியை முழுவதும் எடுத்துவிட்டோம்’ என்ற வாக்கியத்தைக் கேட்கத்தான் எல்லோருக்கும் ஆசை. எனக்கு அந்த வாக்கியத்தின்மேல் இப்போது பெரிய மோகம் இல்லை. 47 வயது மனிதர் இன்னும் முப்பது ஆண்டுகள் அந்த முகத்தோடு ஊரில் நடமாட வேண்டும். நீங்கள் எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் இதைக் கேளுங்கள்: “கட்டி முகநரம்பில் ஒட்டியிருந்தால் என்ன செய்வீர்கள்?” ஒரு கணம் யோசித்து, “கொஞ்சம் விட்டுவிடுவேன்” என்பவரிடம் நான் என் தம்பியை அனுப்புவேன். இந்தக் கட்டிக்கு ஆண்டுக்கு எத்தனை அறுவை செய்கிறார்கள், இதே அளவுள்ள கட்டிகளில் அவர்கள் கையில் முகம் எப்படி வந்திருக்கிறது என்பதையும் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். இதற்கு எரிச்சல் படுகிற மருத்துவர் இந்த வேலைக்கு ஏற்றவர் அல்ல.

வாய் கோணுமா என்றால்: ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவான கட்டிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முகம் இயல்பாகவோ ஏறக்குறைய இயல்பாகவோ இருக்கிறது. மூன்றைத் தாண்டியபின் அந்த எண்ணிக்கை நன்றாகவே இறங்கிவிடும். 2.6 இரண்டுக்கும் இடையில். தற்காலிகமாகச் சில வாரங்களோ மாதங்களோ முகம் தளர்ந்திருக்க வாய்ப்பு இருக்கிறது என்று மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். சிலருக்கு அறுவை முடிந்த அன்று முகம் நன்றாக இருக்கும், ஒரு வாரம் கழித்துத் தளரும். பயப்படுவார்கள். அந்த வகை பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. நரம்பு அறுபடாமல் இருந்தால் ஓராண்டு வரை பொறுத்துப் பார்ப்போம். அதற்கும் அசையாவிட்டால் நாக்கு நரம்பின் ஒரு பகுதியை முகநரம்போடு இணைக்கும் அறுவை இருக்கிறது.

கோணிய வாயைவிட நான் அதிகம் அஞ்சுவது மூடாத கண்ணை. எல்லோரும் வாயைப் பார்க்கிறார்கள், கண் மெல்ல வறண்டுகொண்டிருக்கும். இமை முழுவதும் மூடாவிட்டால் கருவிழி காய்ந்து புண்ணாகிப் பார்வையே போகலாம். கட்டியால் முகத்தின் உணர்ச்சி நரம்பும் மரத்திருந்தால் கண்ணில் மண் விழுந்தாலும் அவருக்கு உறுத்தாது. அப்போது ஆபத்து இரட்டிப்பு. முகம் தளர்ந்தால், பகலில் மணிக்கொரு முறை செயற்கைக் கண்ணீர், இரவில் களிம்பு போட்டு இமையை மூடிப் பிளாஸ்திரி, வெளியே போனால் பக்கவாட்டிலும் மறைக்கும் கண்ணாடி, முதல் வாரமே ஒரு கண் மருத்துவர். கண் சிவந்தால் மருந்துக்கடையில் ஏதாவது சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள்.

கதிர்வீச்சுக்கு வருகிறேன். உங்கள் உறவினர் தவறாகச் சொல்லவில்லை. ஸ்வீடனில் லார்ஸ் லெக்செல் 1969இல் இந்தக் கட்டிக்குக் காமா நைஃப் சிகிச்சை கொடுத்ததிலிருந்து அரை நூற்றாண்டுக்கு மேல் அனுபவம் சேர்ந்திருக்கிறது. பெயரில்தான் நைஃப், கத்தி எதுவும் கிடையாது. தலையில் சட்டம் பொருத்தி, ஏறக்குறைய 200 மெல்லிய கோபால்ட் கதிர்களை ஒரே புள்ளியில் குவிக்கிறார்கள். கட்டியின் விளிம்புக்கு 12 அல்லது 13 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போகலாம். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கட்டி வளராமல் நிற்கிறது, முகம் தளர்வது மிக அரிது. ஆனால் இந்தச் சிகிச்சை கட்டியை அகற்றாது, அடக்கி வைக்கும். முதல் ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் பல கட்டிகள் சற்று வீங்கிவிட்டுத்தான் சுருங்கத் தொடங்கும். குழாய்க்குள் உள்ள சிறு கட்டிக்கு அந்த வீக்கம் பொருட்டல்ல; மூளைத்தண்டில் முட்டிக்கொண்டிருக்கும் கட்டிக்குப் பொருட்டு. மூன்று சென்டிமீட்டர்தான் பொதுவான எல்லை. உங்கள் கணவர் அதை நெருங்கிக்கொண்டிருக்கிறார். பின்னால் வளர்ந்து அறுவை தேவைப்பட்டால், கதிர் பட்ட கட்டி நரம்போடு இன்னும் இறுக்கமாக ஒட்டியிருக்கும். இதே படத்தை 72 வயதுக்காரர் கொண்டுவந்திருந்தால் நான் கதிர்வீச்சைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். 47 வயதில், தள்ளாட்டமும் தொடங்கிவிட்ட நிலையில், அறுவை என்பதே என் கருத்து. படத்தில் மூளைத்தண்டு அமுங்கவில்லை, தொட்டுக்கொண்டு மட்டும்தான் இருக்கிறது என்று கதிர்வீச்சு நிபுணரும் நரம்பியல் நிபுணரும் சேர்ந்து சொன்னால் அதை நான் மறுத்து வாதாட மாட்டேன். இப்படி ஒரு நிலையில் இரண்டுக்கும் நியாயம் உண்டு.

சும்மா இருந்து பார்க்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் யாராவது சொல்வார்கள். இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைவான கட்டிகளுக்கு அது மிக நல்ல யோசனை. நார்வேயில் நூறு பேரை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே கதிர்வீச்சு, மறு பாதிக்கு ஸ்கேன் மட்டும் என்று நான்கு ஆண்டுகள் கவனித்தார்கள். முடிவு 2023இல் வந்தது. ஸ்கேன் மட்டும் என்று இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த நான்கு ஆண்டுகளில் எந்தச் சிகிச்சையும் தேவைப்படவில்லை. கேட்கும் சக்தியிலும் இரு தரப்புக்கும் வேறுபாடில்லை. உங்கள் கணவரின் கட்டி அந்த அளவைத் தாண்டிவிட்டது.

அறுவைக்குப் பின் என்ன எதிர்பார்க்கலாம்? முதல் மூன்று நான்கு நாட்கள் மோசமானவை. ஒரு பக்கத்துச் சமநிலை நரம்பு திடீரென்று நின்றுவிடுவதால் தலை சுற்றலும் வாந்தியும் இருக்கும். அதற்குப் பயந்து படுத்தே கிடக்கக் கூடாது. நடந்தால்தான் மூளை மறு காதையும் கண்ணையும் பாதங்களையும் வைத்துச் சமாளிக்கக் கற்றுக்கொள்ளும். பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் தலை, கண் பயிற்சிகளை வாந்தி வருகிறது என்று நிறுத்திவிடாதீர்கள். ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் பெரும்பாலோர் வீட்டுக்குள்ளும் தெருவிலும் இயல்பாக நடக்கிறார்கள்.

இரண்டு அபாய அறிகுறிகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குனிந்தால் மூக்கிலிருந்து தண்ணீர் போல் தெளிவாக, உப்புக் கரிப்பாகச் சொட்டினால் அது சளி அல்ல. மூளையைச் சுற்றியிருக்கும் நீர், காதெலும்பு வழியாக நடுக்காதுக்கு வந்து, அங்கிருந்து மூக்கின் பின்பக்கம் திறக்கும் குழாய் வழியாக ஒழுகுகிறது. நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு இப்படி நேரும். பலருக்குப் படுக்கையில் ஓய்வும், முதுகில் சிறு குழாய் வைத்து நீரை வடிப்பதுமே போதும். சிலருக்கு மறுபடி அடைக்க வேண்டியிருக்கும். அதைச் சளி என்று நினைத்து ஆவி பிடித்துக்கொண்டிருந்தால் மூளைக்காய்ச்சலில் போய் நிற்கும். இரண்டாவது அறிகுறி அதுவே: காய்ச்சலோடு கழுத்து விறைப்பு. இரண்டில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனை. மூக்கைச் சிந்துவது, மலச்சிக்கலோடு முக்குவது, குடம் தூக்குவது எல்லாம் முதல் ஆறு வாரம் கூடாது.

காது இரைச்சல் போய்விடும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம். சிலருக்குக் குறைகிறது, சிலருக்கு அப்படியே இருக்கிறது. ஒரு காது முழுவதும் போனபின் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாது. சாலையில் இது முக்கியம். வலப்பக்கத்துச் சத்தத்தை இடது காதுக்குக் கொண்டுவரும் கருவிகள் இருக்கின்றன. அறுவைக்குப் பின் ஆறு மாதம் கழித்து அதைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம்.

கம்பம் ஏறுவது. இதில் சுற்றி வளைக்க மாட்டேன்: ஏறக் கூடாது. மூளை எவ்வளவு நன்றாகப் பழகிக்கொண்டாலும், ஒரு பக்கச் சமநிலை நரம்பு மட்டுமே உள்ளவர் இருட்டில், உயரத்தில், கால் வைக்கும் இடம் குறுகியிருக்கும்போது நம்பத்தக்கவர் அல்லர். மழைக்கால இரவில் கம்பத்தின்மேல் மூன்றும் ஒன்றாக வரும். அறுவை வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இன்றிலிருந்தே கூடாது. தள்ளாட்டம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. தரைப் பணி, அலுவலகப் பணி கேட்டு மருத்துவச் சான்றோடு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். பணிக்காலத்தில் உடற்குறை ஏற்பட்ட அரசு நிறுவன ஊழியரை அதைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது. பழைய வேலைக்குத் தகுதியில்லை என்றால் அதே சம்பளத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 20ஆவது பிரிவு. ஒரு காது மட்டும் போனதற்குச் சான்றிதழில் வரும் சதவீதம் குறைவாகத்தான் இருக்கும். ஆகவே சமநிலைக் குறைபாட்டையும் மருத்துவர் தெளிவாக எழுதியிருக்கிறாரா என்று பார்த்து வாங்குங்கள். தொழிற்சங்கத்தில் விவரம் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப் போவது நல்லது.

கடைசியாகக் கல்யாணம். இந்தக் கட்டி ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் வளர்கிற வகை. ஐப்பசியில் இருக்கிறோம். தை முடிய மூன்று மாதம். உங்களைப் பார்த்த மருத்துவரும் சரி என்றால், கல்யாணத்தை முடித்துவிட்டு மாசியில் வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பெண்ணைத் தாரை வார்க்கிற தகப்பனார் முகத்தில் பிளாஸ்திரியோடு மணவறையில் உட்கார வேண்டியதில்லை. ஆனால் இடையில் காலையில் எழும்போதே தலைவலியும் வாந்தியும், இரட்டைப் பார்வை, விழுங்கும்போது புரையேறுவது, நடை இன்னும் மோசமாவது, இவற்றில் எது வந்தாலும் கல்யாணத் தேதியைப் பார்க்காமல் உடனே கூட்டிப் போங்கள். நீர் அடைபட்டு மூளைக்குள் அழுத்தம் ஏறுகிறது, அல்லது கட்டி மூளைத்தண்டை அழுத்துகிறது என்று அதற்கு அர்த்தமாக இருக்கலாம். இப்போதே மாசியில் ஒரு தேதி கேட்டு வாங்கி வையுங்கள். கல்யாணம் முடிந்ததும் பங்குனி, அப்புறம் பள்ளி விடுமுறை என்று தள்ளிக்கொண்டே போகிற வீடுகளை அறிவேன். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமோ, ஊழியர் மருத்துவக் காப்பீடோ எது உங்களுக்குப் பொருந்தும் என்று அந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். போகும்போது அறிக்கைத் தாள் மட்டும் போதாது. எம்.ஆர்.ஐ. குறுந்தகடும், அந்தக் கசங்கிய ஆடியோகிராமும் கையில் இருக்கட்டும்.